தலோஜா சிறையில் இருவர்

“பதவியில் இருந்த முதலமைச்சரையே பரப்பன அக்ரஹாரா சிறைக்கு அனுப்பிய நாடு இது. கோர்ட்டுக்கு முன்னால் பணக்காரர் என்ன, ஏழை என்ன?” டீக்கடைப் பெஞ்சிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை இந்தப் பேச்சு ஓயாமல் கேட்கிறது. சொல்பவர்கள் சான்றாகக் காட்டுவது ஜெயலலிதாவின் சொத்துக்குவிப்பு வழக்கை.

அந்த வழக்கையே பார்ப்போம். 1996-ல் தொடங்கிய வழக்கில் தண்டனை அறிவிக்கப்பட்டது 2014 செப்டம்பர் 27 அன்று. இழுத்தது 18 ஆண்டுகள். தண்டனை வந்த 3 வாரங்களில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. பிறகு, மேல்முறையீட்டை 3 மாதத்தில் முடிக்கும்படி கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு உத்தரவிட்டது. 2015 மே மாதம் விடுதலையும் ஆகிவிட்டது. அந்த விடுதலையை உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் ரத்து செய்தபோது ஜெயலலிதா உயிருடன் இல்லை. வாய்தா மேல் வாய்தா தேவைப்பட்ட காலத்தில் தாமதமும், அவசரம் வந்த காலத்தில் வேகமும் ஒரே தரப்புக்குக் கிடைத்திருக்கின்றன. இது எப்படிச் சமத்துவத்துக்குச் சான்றாகும்?

தீர்ப்பை மட்டும் பார்ப்பவர்களுக்குப் பணக்காரருக்கும் ஏழைக்கும் இடையிலான வேறுபாடு தெரியாது. யாருடைய மனு எந்தத் தேதியில் எடுத்துக்கொள்ளப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

2020 நவம்பரில் மும்பைக்கு அருகே தலோஜா சிறையில் இரண்டு கைதிகள் இருந்தார்கள். ஒருவர் தொலைக்காட்சி முதலாளி அர்ணாப் கோஸ்வாமி. தற்கொலைக்குத் தூண்டியதாக ஒரு வழக்கில் நவம்பர் 4 அன்று கைதானவர். 9-ஆம் தேதி உயர் நீதிமன்றம் ஜாமீன் மறுத்தது. 11-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்தது. தனிமனித சுதந்திரம் ஒரு நாள் பறிபோனாலும் அது அதிகம் என்று நீதிபதி சொன்னார். சரியான வார்த்தை.

இன்னொருவர் திருச்சி மாவட்டத்தில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடி மக்களிடையே வாழ்ந்த பாதிரியார் ஸ்டான் சுவாமி. வயது 83. பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியது. தம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க முடியவில்லை. உறிஞ்சுகுழல் வேண்டும் என்று நவம்பர் 6 அன்று நீதிமன்றத்தில் மனு போட்டார். பதில் சொல்ல, வழக்கை நடத்திய தேசியப் புலனாய்வு முகமை (என்.ஐ.ஏ.) 20 நாள் கேட்டது. நீதிமன்றமும் விசாரணையை 26-ஆம் தேதிக்குத் தள்ளிவைத்தது. அவர் மீது இருந்தது ஊபா எனப்படும் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்கு, அதில் ஜாமீன் பெறுவது கடினம், இரண்டு வழக்கையும் ஒப்பிடக் கூடாது என்பார்கள். ஜாமீன் கடினம்தான். உறிஞ்சுகுழல் கொடுக்கக் கூடாது என்று ஊபாவின் எந்தப் பிரிவில் எழுதியிருக்கிறது? 2021 ஜூலை 5 அன்று அவர் விசாரணைக் கைதியாகவே இறந்தார்.

பெயர் தெரியாதவர்களின் நிலை இதைவிட மோசம். அவர்களுக்கு ஜாமீன் கிடைத்தாலும் கதவு திறப்பதில்லை. மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்ற கொத்தனாரை ஜாமீனில் விட உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும், 10,000 ரூபாய்க்கு ஆள் ஜாமீன் கேட்டார் மாஜிஸ்திரேட். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார்கள். 1978-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அந்த நிபந்தனையை உடைத்து எழுதிய தீர்ப்பு எல்லாச் சட்டக் கல்லூரியிலும் பாடம். ஆனாலும் 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது 100-க்கு 75 பேருக்கும் மேல்.

ஜாமீனும் தேதியும் எப்படியிருந்தாலும் இறுதித் தீர்ப்பில் பணம் செல்லாது என்று சிலர் வாதிடலாம். அவர்கள் கீழ்வெண்மணிக்கு வர வேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். கீழ் நீதிமன்றம் நிலக்கிழார்களுக்கு 10 ஆண்டு தண்டனை விதித்தது. 1973-ல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று: பெரும் நிலமும் காரும் வைத்திருக்கும் பணக்காரர்கள் வேலையாட்களை ஏவாமல் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை. சொத்தே அவர்களுக்குச் சாட்சியாக நின்றது. அதே நாளில் நிலக்கிழார் தரப்பு ஆள் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கில் தொழிலாளர்கள் சிறைக்குப் போனார்கள்.

ஜாமீன் உத்தரவாகி ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே முன்வந்து பார்க்கலாம் என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. எல்லோரும் சமம் என்று இன்னும் நம்புகிறவர்கள் தங்கள் ஊர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு தகவல் உரிமை மனு போடட்டும். ஜாமீன் கிடைத்தும் ஆள் ஜாமீனுக்கு வழியில்லாமல் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர், எத்தனை நாளாக என்று கேட்கட்டும்.