வாடகைக்கு விட்டுப் பார்!

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று சொன்ன பெரியோர், வாடகைக்கு விட்டுப் பார் என்பதையும் சேர்த்திருக்கலாம். ஓய்வுபெறும்போது கைக்கு வரும் சேமநிதியை அப்படியே ஒரு வீட்டில் போட்டுவிட்டு, மாதப் பிறப்பை எதிர்பார்த்து உட்கார எண்ணும் குடும்பங்கள் பல. அவர்கள் முதலில் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்வது நலம்.

50 லட்சம் ரூபாய் பெறும் வீட்டுக்கு மாத வாடகை 12,000 ரூபாய் என்று கொள்வோம். வருஷத்துக்கு 1,44,000. ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும். சொத்து வரி, வெள்ளையடிப்பு, ஒழுகும் குழாய் எல்லாம் சேர்ந்து இன்னொரு மாத வாடகையை விழுங்கும். மிஞ்சுவது 1,20,000, அதாவது, போட்ட முதலுக்கு நூற்றுக்கு 2.4. மனை விலை ஏறும் என்பீர்கள். ஏறலாம், ஆனால் ஏறிய விலையைக் கொண்டு மருந்துக் கடைப் பாக்கியைத் தீர்க்க முடியாது.

அடுத்தது பத்திரம். தெரிந்த மனிதராயிற்றே, எழுத்து எதற்கு என்ற தாட்சண்யம் பலருக்கு உண்டு. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த சட்டத்துக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருக்கவேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும்.

பாக்கி வைத்த குடித்தனக்காரருக்குத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்திவிடலாமா? கூடாது, அதையும் சட்டம் தடுக்கிறது. வாடகை நீதிமன்றத்தைத்தான் நாடவேண்டும்.

முன்பணம் திருப்பித் தரவேண்டிய கடன். வேறு விதமாக ஒப்புக்கொண்டிராவிட்டால், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது. வாங்கியது பெண்ணின் வளையலாக மாறிவிட்டால், அடுத்த குடித்தனக்காரரிடம் வாங்கித்தான் இவருக்குக் கொடுக்கவேண்டும். அவர் வரும்வரை, இவருடைய சாமான் வண்டி வாசலிலேயே நிற்கும்.