மருதாணிக் கையும் மருந்தடிக்கும் கையும்



தீபாவளி, கல்யாணம் என்று வந்துவிட்டால் தோட்டத்து வீடுகளில் மருதாணி வாசம் தானாக வந்துவிடும். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க நான் வரவில்லை. கையும் சிவக்கட்டும், உடம்பும் நன்றாக இருக்கட்டும்.

மருதாணி இலையிலுள்ள லாசோன் என்னும் சாயம் மேல்தோலில்தான் பிடிக்கிறது. உள்ளங்கைத் தோல் தடிப்பு. அதனால்தான் அங்கே நன்றாகச் சிவக்கிறது. முதல் நாள் ஆரஞ்சு நிறம், இரண்டு நாளில் கருஞ்சிவப்பு. மேல்தோல் உதிர உதிர 1 முதல் 3 வாரத்தில் மறைந்துபோகும்.

அரைத்த விழுதை ஐந்தாறு மணி நேரம் விட்டு, கழுவாமல் சுரண்டி எடுங்கள். மறுநாள் குளிக்குமுன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். நிறம் மங்கினால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவித் துடைத்துவிட்டு, பழைய கோட்டின் மேலேயே திரும்ப வைக்கலாம். எலுமிச்சைச் சாறு கொஞ்சம் போதும். அதிகமானால் தோல் வறண்டுபோகும்.

ஆனால் ஒன்று கேளுங்கள். “சோப்புப் போட்டா மருதாணி போயிடுமே” என்று, மருந்தடித்துவிட்டு வந்த கையை வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டுச் சோற்றில் கை வைக்காதீர்கள். களைக்கொல்லி வாய் வழியாக மட்டுமா போகும்? தோல் வழியாகவும் ஏறும். பாராகுவாட்டை நம் நாட்டில் 2020-இல் தடை செய்துவிட்டார்கள் என்பதற்காக மற்ற மருந்தெல்லாம் பன்னீர் ஆகிவிடாது. மருதாணி போனால் அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம். உடம்பு போனால்? லீவு நாளுக்கு முந்தின இரவில் வையுங்கள். வேலைக்குக் கையுறை போடுங்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாமானுக்கு முதலாளி உங்களிடம் காசு பிடிக்கக் கூடாது. பிடித்தால் சங்கக் கிளையில் சொல்லுங்கள்.

இன்னொன்று, ‘கறுப்பு மருதாணி’. அசல் மருதாணி ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று ஆகவே ஆகாது. அப்படி ஆனால், அதில் தலைச்சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கலாம். கொப்புளம் வரும், தழும்பும் நிற்கும். ஒருமுறை ஒவ்வாமை வந்தால் ஆயுள் முழுக்க இருக்கும். பிறகு தலைச்சாயமும் சேராது. சிலருக்குக் கறுப்பு ரப்பர் சாமான்களும் சேராமல் போகும். பூட்ஸ் போட்டுப் பிழைக்கும் நமக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம். கொப்புளம் கண்டால் உடைக்காதீர்கள், பற்பசை தடவாதீர்கள். உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

கைக்குழந்தைக்கு மருதாணியே வேண்டாம். ஜி6பிடி குறைபாடுள்ள பிள்ளைக்கு அசல் மருதாணிகூட ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும்.

விலை கொடுத்து வாங்கும் கோனில் என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. கொல்லையில் ஒரு மருதாணிச் செடி நட்டு வையுங்கள். அதை நம்பலாம்.