இத்தா இருக்கும் அறைக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

ஐப்பசியில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை மரக்காணம் உப்பளங்களை மூடிவிடுகிறது. பாத்திகளில் மழைநீர் நிற்கும். தை பிறந்து வரப்புகளைச் சீர்செய்த பின்னரே உப்புத் தொழில் மீண்டும் உயிர்பெறும். இடைப்பட்ட மாதங்களில் பிரம்மதேசம் சுற்றுவட்டாரத்திலிருந்து கடற்கரை வரை வருமானமின்றி வீட்டுக்குள் முடங்கும் குடும்பங்கள் பல. உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் அரிசிக்கே சரியாகிவிடும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. இக்காலம் எல்லோருக்கும் கடினமானதுதான். எனினும், இம்மாதங்களில் கணவனை இழந்து இத்தாவில் அமரும் பெண்ணின் தனிமை வேறுவகையானது. மழை விட்டதும் மற்றவர்கள் வெளியே வந்துவிடுகிறார்கள். அவளுக்கோ மழை விட்டாலும் கதவு திறப்பதில்லை.

சென்ற ஆண்டு கார்த்திகையில் அப்படியொரு சகோதரி, தம் தம்பியின் கைப்பேசியிலிருந்து என்னிடம் மசாயில் கேட்டார்: "ஹஜ்ரத், இத்தாவில் இருக்கும்போது நோட்டில் எழுதலாமா? கூடாது என்கிறார்களே." எதை எழுத விரும்புகிறீர்கள் என்று கேட்டேன். "அவரிடம் சொல்லாமல் விட்டதை" என்றார்.

இக்கேள்வி எழுந்ததே நம் சமுதாயத்திற்கு அழகன்று. அல்பகரா அத்தியாயத்தின் 234ஆம் வசனம் நான்கு மாதமும் பத்து நாளும் காத்திருக்கச் சொல்கிறது. அக்காலத்தில் மறுமணமும், அலங்காரமும், நறுமணமும், தேவையின்றி வீட்டைவிட்டு வெளியேறுவதும் தடை. தேவைக்காகப் பகலில் வெளியே சென்று வருவதை ஹனஃபி, ஷாஃபியீ சட்ட நூல்கள் அனுமதிக்கவே செய்கின்றன. இருட்டறை, கண்ணாடி பார்க்கக் கூடாது, வானத்தைப் பார்க்கக் கூடாது என்பனவெல்லாம் நாமாகச் சேர்த்துக்கொண்டவை. புத்தகமும் பேனாவும் எந்தத் தடைப் பட்டியலிலும் இல்லை. தஸ்பீஹ் மணியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஓதிக்கொண்டிரு, அழாதே" என்று சொல்லிவிட்டு வருகிறோம். ஓதுவதில் ஆறுதல் உண்டு, அதில் ஐயமில்லை. ஆனால் நெஞ்சில் அடைத்துக் கிடக்கும் சொற்களுக்கும் ஒரு வழி வேண்டுமல்லவா?

அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். இளமையிலேயே முதற்கணவர் குனைஸ் (ரலி) அவர்களை இழந்தவர். அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் பெண்மணி. அபூதாவூதில் இச்செய்தி உள்ளது. பின்னாளில் உமர் (ரலி) அவர்களின் மறைவுக்குப் பின் குர்ஆனின் ஏடுகள் அந்த அன்னையின் வீட்டில்தான் பாதுகாக்கப்பட்டன. இதைப் பாடமாக நடத்தும் நாமே, நம் வீட்டுப் பெண்ணுக்கு ஓதத் தெரிந்தால் போதும், எழுதத் தெரிய வேண்டியதில்லை என்று ஒரு காலத்தில் இருந்தோம்.

துயரத்தை எழுதிக் கடந்தவர்களுள் என் நினைவுக்கு முதலில் வருபவர் மௌலானா அபுல் கலாம் ஆசாத். 1942 ஆகஸ்ட் 9 அன்று பம்பாயில் கைது செய்யப்பட்டு அகமதுநகர்க் கோட்டையில் அடைக்கப்பட்டார். அங்கே, விடியலுக்கு முந்தைய குளிரில் தாமே தேநீர் தயாரித்துக்கொண்டு, நண்பர் ஹபீபுர் ரஹ்மான் கான் ஷெர்வானிக்குக் கடிதங்கள் எழுதினார். அவற்றை அனுப்ப வழியில்லை என்று தெரிந்தே எழுதினார். தேநீரைப் பற்றியும், அறைக்குள் கூடு கட்டிய சிட்டுக்குருவிகளைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினார். சிறையில் இருப்பவருக்கு இது என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கோ அந்தக் குருவிகள்தாம் அவரை மனிதராக வைத்திருந்தன என்று தோன்றுகிறது. 1943 ஏப்ரலில் மனைவி சுலைகா பேகம் கல்கத்தாவில் காலமானார். இறுதியாக ஒருமுறை முகம் பார்க்கவும் மௌலானாவுக்கு வாய்க்கவில்லை. அந்த இழப்பையும் அதே நண்பருக்கு ஒரு கடிதமாகவே எழுதினார். 1946இல் இக்கடிதங்கள் 'குபாரே காத்திர்' என்ற பெயரில் உருதுவில் நூலாயின.

மௌலானா பேரறிஞர், அவரால் முடிந்தது என்பீர்களாயின், நாகூருக்கு வாருங்கள். 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பன்னிரண்டு வயதில் திருமணம். சில ஆண்டுகளிலேயே கணவர் மறைந்தார். வீட்டிலிருந்தபடியே படித்தார், எழுதினார். 1938இல் வெளிவந்த அவரது 'காதலா கடமையா' நாவலை உ.வே.சாமிநாதையரே பாராட்டி எழுதினார். எல்லோரும் நாவல் எழுத வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அந்தச் சகோதரி கேட்டதும் ஒரு நோட்டுதானே!

அவருக்கு, "எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள்" என்றேன். இறைவனின் நாட்டத்தைக் குறைகூறாத துயரம் குற்றமன்று. தம் மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபி (ஸல்) அவர்களின் கண்களும் கசிந்தன.

இனி இத்தா வீட்டுக்குச் செல்லும் பெண்கள், பழமும் பிஸ்கட்டும் எடுத்துச் செல்லும் பையிலேயே கோடு போட்ட நோட்டு ஒன்றையும் இரண்டு பேனாக்களையும் வைக்கலாம். புயல் வந்தால் மின்சாரம் போய்விடும். ஆகவே மெழுகுவத்தியும் சேர்த்தே வையுங்கள். நபித்தோழியர் வரலாறோ, நல்லதொரு கதைப் புத்தகமோ உடன் இருக்கட்டும். மார்க்க நூல் மட்டுமே கொடுக்க வேண்டும் என்பது நம் பிடிவாதமே தவிர மார்க்கத்தின் கட்டளை அன்று. எழுதத் தெரியாத தாய்மார் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதட்டும். ஜமாஅத்தினருக்கு ஒரு வேண்டுகோள்: அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்க வேண்டாம். இத்தா முடிந்ததும் அதை வைத்துக்கொள்வதும் கிழித்தெறிவதும் அவள் விருப்பம்.