நம்மவர்கள் சொல்லும் குறை

வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஐடாவின் அப்பா மருத்துவர்தான். ஆனால் ஆண் என்பதால் அவரை அழைத்துப்போக மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்றிருந்த ஐடா, அதைத் தன் அழைப்பாக எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் படித்து 1899இல் மருத்துவராகி, வேலூருக்கு வந்தார். ஞாயிறு பள்ளியில் இதைக் கேட்டுத்தான் நாமெல்லாம் வளர்ந்தோம்.

கதையின் பின்பாதியை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை.

1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கியபோது, "யார் படிக்க வருவார்கள்?" என்று கேட்டவர்கள் உண்டு. முதல் ஆண்டே 151 பேர் விண்ணப்பித்தார்கள். அதுவே அவர்களுக்குப் பதிலாகிவிட்டது.

பெரிய சோதனை பிறகுதான் வந்தது. 1930களின் இறுதியில், மருத்துவப் படிப்பு பட்டப்படிப்பாக இருக்க வேண்டும் என்று சென்னை அரசு முடிவெடுத்தது. அதற்கு அதிகப் பேராசிரியர்கள், அதிகப் படுக்கைகள், அதிகப் பணம் தேவை. பெண்களுக்கு மட்டுமான கல்லூரியாக நின்று அத்தனையையும் திரட்டுவது கடினமாக இருந்தது. ஆண்களையும் சேர்த்துக்கொண்டு, எல்லா மிஷன்களும் கைகோத்தால்தான் வழி என்ற நிலை. இதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் யார் தெரியுமா? இந்தியப் பெண்களுக்காகவே ஆண்டுக்கணக்கில் பணம் திரட்டித் தந்த அமெரிக்கத் தோழிகளில் சிலர். நம்பிக்கைத் துரோகம் என்று வருந்தினார்கள். அவர்கள் வருத்தத்திலும் நியாயம் இருந்தது. ஆனாலும் எழுபதைக் கடந்திருந்த அம்மையார் அந்த மாற்றத்தை ஏற்றுக்கொண்டார். 1947இல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள். அன்று அந்த முடிவை எடுக்காமல் இருந்திருந்தால், இன்று நாம் நம்பிப் போகும் சிஎம்சி இந்த அளவுக்கு வளர்ந்திருக்குமா?

வெளியார் சொல்லும் குறையைத் தாங்கிக்கொள்ளலாம். நெகேமியா அலங்கம் கட்டியபோது சன்பல்லாத்து பரியாசம் பண்ணினான். அவன் எதிரி, அப்படித்தான் பேசுவான். ஆனால் நாசரேத்தில் ஆண்டவரைத் தள்ளியது அவர் வளர்ந்த ஊர் ஜனங்கள்தானே.

இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அப்படித் தள்ளியவர்களில் நானும் ஒருவன்.

என் தம்பி மகன் சென்னையில் நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தான். படுக்கையில் கிடக்கும் முதியவர்களை வீடு தேடிப்போய்க் கவனிக்கப் போவதாகச் சொன்னான். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், நாலு பேர் முன்னால் கேட்டேன்: "ரெண்டு பிள்ளைங்களை வச்சிக்கிட்டு உனக்கு எதுக்குடா இந்த வேலை? இதுக்குப் பேர் ஊழியமா, பொறுப்பில்லாத்தனமா?" அவன் எதிர்த்துப் பேசவில்லை. "சரி பெரியப்பா, யோசிக்கிறேன்" என்றான்.

உண்மையாகவே யோசித்திருக்கிறான். இரண்டு மாதம் கழித்து, காலையில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தான். மதியத்துக்குமேல் முதியவர்களைப் பார்க்கப் போகிறான். நான் சொன்னதில் பிள்ளைகளைப் பற்றிய பாதியை எடுத்துக்கொண்டான், மீதியை விட்டுவிட்டான். போன வருஷம் என் மூத்த அக்கா விழுந்து படுத்தபோது, புண் வராமல் திருப்பிப் படுக்க வைக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அவன்தான்.

எல்லாப் பிடிவாதமும் அழைப்பு ஆகிவிடாது. குறை சொன்னால் சீறுகிறவனைப் பார்த்தால் எனக்கு இப்போதும் சந்தேகம்தான். கேட்டு, சரியானதைத் திருத்திக்கொண்டு, வேலையை மட்டும் விடாமல் இருப்பவனைக் கண்டால் நாம் கொஞ்சம் வாயை மூடிக்கொள்ளலாம். சொல்லியே ஆகவேண்டும் என்றால், ஆலய வாசலில் வேண்டாம். வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொல்வோம். நம் வயதுக்காரர்களின் ஒரு சொல்லுக்கு, இளைஞர்கள் நாம் நினைப்பதைவிட அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள்.

போன வாரம் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ மறந்துட்டேன் பெரியப்பா" என்றான். எனக்குத்தான் மறக்கவில்லை.