செட்டப் ஃபைல் வாங்கினால் லேப் டைம் குறையுமா?

ஆன்லைன் கார் ரேஸ் சிமுலேட்டரில் புதிதாக இறங்குகிறவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ப்ரோ, ஸ்பாவுக்கு நல்ல செட்டப் இருக்கா?"

பெல்ஜியத்தின் ஸ்பா-ஃபிராங்கோர்ஷாம் டிராக்கின் நீளம் 7 கிலோமீட்டர். அசெட்டோ கோர்சா காம்பெடிட்சியோனியில் ஒரு ஜிடி3 காரை எடுத்துக்கொண்டு வேகமான ஆள் ஒருவர் அதை 2 நிமிடம் 18 விநாடியில் சுற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புதியவருக்கு 2 நிமிடம் 24 விநாடி. கார் அதே, டிராக் அதே, வானிலையும் அதே. அப்படியென்றால் மிச்சம் இருப்பது செட்டப்தானே? ஸ்பிரிங், ஆன்டி-ரோல் பார், விங், டயர் அழுத்தம் என்று ஐம்பது எண்கள் கொண்ட அந்த ஃபைல் கையில் கிடைத்தால் ஆறு விநாடியும் கரைந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கேதான் பிறக்கிறது. அந்த நம்பிக்கைக்கு இன்று சந்தையும் இருக்கிறது. மாதச் சந்தா கட்டினால் வாராவாரம் புது செட்டப் வந்து இறங்கும்.

அந்த ஆறு விநாடியில் செட்டப்பின் பங்கு ஒரு விநாடியைத் தாண்டினாலே பெரிய விஷயம் என்பதே நம் கருத்து. மிச்சமெல்லாம் ஓட்டுகிறவரின் கால்களிலும் கைகளிலும்தான் இருக்கிறது.

விளையாட்டுதானே, இதில் என்ன?

கேட்கலாம். அமெரிக்காவின் வில்லியம் பைரன் ஐரேசிங் என்ற சிமுலேட்டரில் ஓட்டப் பழகியவர். 2024, 2025 என்று தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் டேடோனா 500 பந்தயத்தை வென்றார். பிரிட்டனின் ஜேம்ஸ் பால்ட்வின் 2019-ல் சிமுலேட்டர் போட்டி ஒன்றில் ஜெயித்து, அடுத்த ஆண்டே நிஜமான மெக்லாரன் ஜிடி3 காரில் உட்கார்ந்தார். கோ-கார்ட்டிங்கில் தொடங்கி மேலே ஏறும் வழக்கமான பாதைக்கு ஆகும் செலவை ஒரு நடுத்தரக் குடும்பம் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. நம் ஊர்ப் பையனுக்கோ பெண்ணுக்கோ எட்டக்கூடிய ரேஸ் இப்போதைக்கு இது ஒன்றுதான். அஜித் குமார் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டிய பிறகு இந்த ஆசை கொஞ்சம் கூடியிருக்கவும் செய்யும்.

ஸ்டீயரிங், பெடல் என்று அதற்கே கணிசமான பணம் போகிறது. அதற்கு மேல் செட்டப் சந்தாவும் கட்டி, ஆறு மாதம் கழித்தும் நேரம் குறையவில்லை என்றால், "எனக்கு இது வராது போல" என்று விலகுவதுதான் நடக்கும். அந்த ஆறு மாதமும் அவர் தப்பான பாடத்தைப் படித்திருக்கிறார் என்பதுதான் வருத்தம்.

பாகப்பிரிவினை

காரின் பிடிப்பு முழுக்க நான்கு டயர்கள் தரையைத் தொடும் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றும் விரித்த ஒரு கையின் அளவுதான். செட்டப்பில் எந்த எண்ணை மாற்றினாலும் கடைசியில் அது மாற்றுவது, அந்த நான்கு இடங்களில் எதன் மேல் எவ்வளவு எடை, எப்போது விழுகிறது என்பதைத்தான்.

வளைவில் எடை வெளிப்பக்க டயர்களுக்கு மாறும். எவ்வளவு மாறும்? 1300 கிலோ கார், புவியீர்ப்பைப் போல ஒன்றரை மடங்கு பக்கவாட்டு விசையில் திரும்புகிறது. எடை மையம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரத்தில், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 165 சென்டிமீட்டர். பெருக்கி வகுத்தால் ஏறக்குறைய 530 கிலோ உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்குப் போகிறது. இந்த 530-ஐ முடிவு செய்வது எடை, மையத்தின் உயரம், அகலம், வளைவில் நீங்கள் போகும் வேகம். ஆன்டி-ரோல் பார் அதில் வரவே இல்லை, கவனியுங்கள்.

'பாரை இறுக்கினா கார் சாயாது, சாயலைன்னா எடையும் மாறாது' என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். சாய்வு குறையும், அது சரி. ஆனால் மாறும் எடை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். பார் செய்வது வேறு வேலை. அந்த 530 கிலோவில் முன் ஜோடிக்கு எத்தனை, பின் ஜோடிக்கு எத்தனை என்று பிரித்துக் கொடுக்கிறது. சொத்து கூடுவதில்லை. பாகம்தான் மாறுகிறது.

சரி, பாகம் மாறினால் என்ன? இங்கேதான் டயரின் ஒரு குணம் தெரிய வேண்டும். டயரின் மேல் எடை கூடினால் பிடிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. எடுத்துக்காட்டுக்காக ஒரு கணக்கு: 300 கிலோ சுமக்கும் டயர் 480 கிலோ அளவுக்குப் பிடிக்கிறது. இரண்டு டயருக்கும் ஆளுக்கு 300 என்றால் மொத்தம் 960. இப்போது ஒன்றில் 500, மற்றதில் 100 என்று ஆக்குங்கள். 500-ஐச் சுமப்பது 750 தரும், 100-ஐச் சுமப்பது 170 தரும். மொத்தம் 920. சுமை அதே 600தான், பிடிப்பில் மட்டும் 40 காணோம்.

அதனால் முன் பாரை இறுக்கினால் முன் ஜோடியின் பாகம் கூடும், அந்த ஜோடியின் பிடிப்பு குறையும், பின் ஜோடிக்கு லாபம். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் மூக்கு வெளியே போகும். இதுதான் அண்டர்ஸ்டீர். பின் பாரை இறுக்கினால் தலைகீழ்: வால் சுழலப் பார்க்கும், ஓவர்ஸ்டீர். ஸ்பிரிங்கும் இதே பாகப்பிரிவினையைத்தான் செய்கிறது, கூடவே மேடு பள்ளத்தையும் பார்த்துக்கொள்கிறது. டேம்பர் எண்களைப் புதியவர் முதல் மூன்று மாதம் தொடாமலே இருக்கலாம். ஒன்றும் கெட்டுப்போகாது.

எந்த இடத்தில் வழுக்குது?

'கார் அண்டர்ஸ்டீர் அடிக்குது' என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னது. வளைவுக்குள் நுழையும்போதா, நடுவிலா, ஆக்ஸிலரேட்டர் கொடுத்து வெளியே வரும்போதா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

நுழையும்போது என்றால், பெரும்பாலும் காரைத் தொட வேண்டிய தேவையே இருக்காது. பிரேக் போடும்போது எடை முன்னால் வருகிறது, முன் டயர்கள் நன்றாகப் பிடிக்கின்றன. புதியவர் நேர்கோட்டிலேயே பிரேக்கை முடித்து, காலை 'டக்'கென்று எடுத்துவிட்டு அப்புறம் ஸ்டீயரிங்கைத் திருப்புகிறார். கால் எடுத்த நொடியில் மூக்கு எழும்பி எடை பின்னால் போய்விட்டது. திருப்பும் நேரத்தில் முன் டயரில் சுமை இல்லை. பிறகு 'முன் பாரைத் தளர்த்தலாமா, விங்கைக் குறைக்கலாமா' என்று மெனுவுக்குள் போகிறார். காலை மெதுவாக விட்டுக்கொண்டே திரும்பப் பழகினால் அதே கார் உள்ளே போகும்.

விங் விஷயமும் அப்படித்தான். காற்று அழுத்தித் தரும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 240 கிலோமீட்டர் வேகத்தில் கிடைப்பதில் கால் பங்குதான் 120-ல் கிடைக்கும். ஸ்பாவின் முதல் வளைவான லா சோர்ஸ் அதைவிடவும் மெதுவான கொண்டை ஊசி. அங்கே பின்பக்கம் வழுக்குகிறது என்று விங்கை இரண்டு படி ஏற்றுகிறவர், அந்த வளைவில் ஒன்றும் பெறாமல், ரெடியோனுக்கு மேலே கெம்மல் நேர்பாதையில் வேகத்தை மட்டும் தாரை வார்க்கிறார். லா சோர்ஸில் பார்க்க வேண்டியது டிஃபரன்ஷியலையும் டிராக்‌ஷன் கன்ட்ரோலையும், அதற்கும் முன்னால் தன் வலது காலையும்.

அதே ஸ்பாவின் நடுப்பகுதியில் பூஓன் என்ற நீண்ட வேக வளைவு வருகிறது. அங்கே விங் சோறு போடும். ஆகவே ஸ்பாவில் விங் எத்தனை என்பதற்கு ஒரே விடை இல்லை. தனியாக ஓடி நேரம் போடுவதற்கு ஒரு விடை, நேர்பாதையில் பின்னால் இருப்பவன் முந்திவிடாமல் காக்க வேறொரு விடை. வாங்கிய ஃபைல் எந்தக் கேள்விக்கான விடை என்று உங்களுக்குத் தெரியுமா?

பழைய ஃபைல், புது டயர்

டயர் அழுத்தத்தில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். அசெட்டோ கோர்சா காம்பெடிட்சியோனியில் நெடுநாள் உலர்ந்த டிராக்குக்கு, சூடான நிலையில் 27.5 பிஎஸ்ஐ அளவை ஒட்டி வைப்பதுதான் எல்லோரும் அறிந்த வாய்ப்பாடு. 2023-ல் 1.9 பதிப்பு வந்து டயரின் கணக்கே மாறியது. நல்ல பிடிப்பு கிடைக்கும் இடம் 26 முதல் 27-க்குள் என்று இறங்கிவிட்டது. அதற்கு முந்தைய ஃபைல்கள் ஒரே நாளில் காலாவதி. இன்றும் இணையத்தில் அவை சுற்றிக்கொண்டிருக்கின்றன.

பதிப்பு சரியாக இருந்தாலும் வானிலை ஒத்துப்போக வேண்டும். டயருக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி கூடுதலாகச் சூடானால் அழுத்தம் ஒரு பிஎஸ்ஐக்கு மேல் ஏறிவிடும். நல்ல இடத்தின் அகலமே ஒரு பிஎஸ்ஐதான். குளிர்ந்த டிராக்கில் செய்த செட்டப்பை வெயிலில் அப்படியே போட்டால் நான்கு டயரும் உப்பி, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். போதாததற்கு, செட்டப் விற்றவர் வளைவுக்குள் எவ்வளவு முரட்டுத்தனமாகத் திருப்புகிறாரோ அதற்கேற்ற சூடுதான் அவருடைய எண்ணில் இருக்கும். உங்கள் கைக்கு அது வேறு.

ஒரு சிமுலேட்டரின் செட்டப்பை இன்னொன்றுக்குக் கொண்டுபோகவே கூடாது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பசேய்க்கா தந்த டயர் சூத்திரம் இந்தத் துறையில் புகழ்பெற்றது. சிலர் அதன் வழியில் போகிறார்கள், சிலர் ரப்பரின் இயற்பியலிலிருந்தே கட்டுகிறார்கள். ஐரேசிங் தன் கணக்கை விநாடிக்கு 360 முறை போடுகிறது. ஒவ்வொன்றிலும் டயர் வேறு ஜாதி.

இடுப்புக்குத் தெரியாதது

நிஜக் காரில் பின்பக்கம் நழுவத் தொடங்கியதை ஓட்டுநரின் இடுப்பு முதலில் சொல்லும். சிமுலேட்டரில் நாற்காலி அசையாது. கண் பார்த்து, மூளை புரிந்து, கை திருப்புவதற்குள் கார் பாதி சுற்றியிருக்கும். அதனால்தான் வேகமானவர்களின் துடிப்பான பின்பக்கம் கொண்ட செட்டப் புதியவர் கையில் மூன்றாவது வளைவிலேயே சுவரில் முட்டுகிறது. புதியவருக்கு நேரம் தருவது மந்தமாகத் தெரியும், நம்பி ஓட்டக்கூடிய கார்தான்.

இடுப்புக்குப் பதிலாக நமக்கு இருப்பது ஸ்டீயரிங்கின் எதிர்விசை. முன் டயர் தன் எல்லையை நெருங்கும்போது, ஸ்டீயரிங்கை நேராக்க முயலும் விசை பிடிப்பு உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே குறையத் தொடங்கும். கையில் 'லேசா ஆயிடுச்சு' என்று தோன்றினால் அதுதான் அறிவிப்பு. அப்போது இன்னும் கொஞ்சம் திருப்புவது வீண், டயர்தான் வேகும். இதைக் கையில் உணரப் பழகிய ஒருவருக்கு எந்த செட்டப்பிலும் நேரம் குறையும்.

அப்போ செட்டப்பே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. மேல்மட்டப் போட்டியில் முதல் இருபது பேருக்குள் அரை விநாடிகூட வித்தியாசம் இருக்காது. அங்கே செட்டப் உயிர். சில சிமுலேட்டர்கள் கூடவே தரும் அடிப்படை செட்டப் வேண்டுமென்றே சோம்பலாகத்தான் இருக்கும், அதுவும் உண்மை.

ஆனால் ஒன்றை நீங்களே சோதித்துப் பாருங்கள். அடிப்படை செட்டப்பில், ஒரே பெட்ரோல் அளவில் பத்து லேப் ஓட்டுங்கள். 60 லிட்டர் பெட்ரோல் என்பது ஏறக்குறைய 45 கிலோ, அதைக் குறைத்துவிட்டு 'செட்டப் வேலை செய்யுது' என்று ஏமாறக் கூடாது. பத்து லேப்பில் உங்கள் வேகமானதற்கும் மெதுவானதற்கும் ஒன்றரை விநாடி இடைவெளி இருந்தால், பார் ஒரு படி மாறுவதால் வரும் 0.2 விநாடி அதற்குள் எங்கே தெரியும்? இடைவெளி அரை விநாடிக்குள் வரட்டும். பிறகு ஒரே ஒரு எண்ணை மாற்றி, மறுபடி பத்து லேப். மோடெக் போன்ற டெலிமெட்ரி மென்பொருளில் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் எந்த வளைவில் கிடைத்தது, எதில் போனது என்று தெரியும். அலுப்பான வேலைதான். நிஜ அணிகளின் பொறியாளர்களும் சோதனை நாட்களில் செய்வது இதே வேலையைத்தான்.

ஆன்லைன் லீக் நடத்துகிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஐரேசிங்கில் எல்லோருக்கும் ஒரே செட்டப் என்று பூட்டி நடத்தும் தொடர்கள் இருக்கின்றன. புதியவர்களுக்கான முதல் சீசனை நம் லீக்குகளும் அப்படியே நடத்தலாம். தோற்றவர் காரைக் குறை சொல்ல வழியில்லை, சந்தா கட்டியவருக்குத் தனிச் சலுகையும் இல்லை. இரண்டாவது சீசனில் திறந்துவிட்டு, முதல் மூன்று இடம் பிடித்தவர்கள் தங்கள் ஃபைலை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்று விதி வைக்கலாம். கூடவே எதை, ஏன் மாற்றினோம் என்று நாலு வரி எழுதியும் தர வேண்டும். செட்டப் விற்கிறவர்களிடமும் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டியது அந்த நாலு வரியைத்தான்: எந்தப் பதிப்பு, எத்தனை டிகிரி வெப்பம், எத்தனை லிட்டர் பெட்ரோல், எந்த வளைவுக்காக எதை விட்டுக்கொடுத்தார்கள். அதைச் சொல்லாத ஃபைலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.