செத்த மாட்டுக்கு நாம், உயிருள்ள மாட்டுக்கு யார்?

ஒட்டன்சத்திரம் என்றவுடன் வெளியூராருக்கு நினைவுக்கு வருவது காய்கறிச் சந்தை. அச்சந்தைக்குச் சரக்கு அனுப்பும் சிற்றூர்களில் பயிரோடு மாடும் ஆடும் சேர்ந்தே வளர்கின்றன. மழை பொய்த்த ஆண்டில் பல குடும்பங்களைத் தாங்குவது பால் காசுதான். மாட்டுக்குக் கோமாரி கண்டால் மருத்துவரை அழைப்பார்கள். மாடு செத்துவிட்டால் சேரிக்கு ஆள் அனுப்புவார்கள். இதுவே தலைமுறைகளாக ஊரின் வழக்கம்.

செத்த மாட்டைத் தூக்க மறுப்பது நம் விடுதலை அரசியலின் பழைய பாடம். 1927 மகாத் மாநாட்டிலேயே அண்ணல் அம்பேத்கர் அதனை வலியுறுத்தினார். 2016இல் குஜராத்தின் உனாவில் மாட்டுத்தோல் உரித்த இளைஞர்கள் அடித்துத் துன்புறுத்தப்பட்டபோது, அம்மாநிலத் தலித்துகள் செத்த மாடுகளை அகற்ற மறுத்துப் போராடினர். மறுப்பு தேவையானது, ஆனால் அது பாதி வேலைதான். மேய்த்தவர்களும், நள்ளிரவில் கன்று ஈன உதவியவர்களும், தோலுரித்ததால் குடலும் ஈரலும் எங்கிருக்கும் என அறிந்தவர்களும் நம் முன்னோர். அவர்கள் கையில் இருந்தவரை அது தீட்டு. 1903இல் சென்னையில் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியில் அதுவே உடற்கூறியல்!

அந்தக் கல்லூரிக்குள் நுழையும் வழியைப் பற்றி நம் மாணவர்களிடையே ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. நீட் எழுதாமல் கால்நடை மருத்துவம் படிக்க இயலாது என்று நம்பி, விண்ணப்பிக்காமலேயே பலர் ஒதுங்கிவிடுகின்றனர். உண்மை வேறு. அகில இந்திய ஒதுக்கீட்டுக்குரிய 15 விழுக்காட்டு இடங்களுக்கே நீட் மதிப்பெண் கேட்கப்படுகிறது. எஞ்சிய இடங்களைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பன்னிரண்டாம் வகுப்பின் உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களைக் கொண்டே நிரப்புகிறது. படிப்பு, உள்ளிருப்புப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டுகள்.

பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதனுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு. 2009ஆம் ஆண்டின் இவ்வுள்ஒதுக்கீட்டுச் சட்டத்தை 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் செல்லும் என்று உறுதிசெய்தது. செத்த மாட்டின் சுமை எவர் தோளில் அதிகம் ஏற்றப்பட்டதோ, அவர்களுக்கே இந்த 3 விழுக்காடு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 விழுக்காடு முன்னுரிமையும் உண்டு. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். இவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் படிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. பழனி வழியாகச் செல்லும் சாலையிலேயே உடுமலைப்பேட்டையில் 2020இல் ஒரு கல்லூரி வந்துவிட்டது. சென்னைக்கே போக வேண்டும் என்ற தயக்கத்துக்கும் இடமில்லை.

அப்படியானால் தடை எங்கே? பத்தாம் வகுப்பு முடிந்த அந்தச் சில நாட்களில் என்பதே நம் கணிப்பு. "உனக்கு அறிவியல் வராது, வேறு பிரிவு எடுத்துக்கொள்" என்ற ஒற்றைச் சொல் அங்கே முடிவாகிவிடுகிறது. சொல்பவர் அக்கறையோடும் சொல்லலாம், விளைவு ஒன்றுதான். உயிரியல் இல்லாத பிரிவில் சேர்ந்தவருக்குப் பின்னர் எந்த இடஒதுக்கீடும் இக்கதவைத் திறக்காது. கலந்தாய்வு நேரத்தில் சட்டம் பேசும் நாம், இந்நாட்களில் பள்ளி வாசலில் இருப்பதில்லை. இது நம் இயக்கங்களின் குறை, ஒப்புக்கொள்வோம்.

பட்டம் பெற்றவர் மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் பதிவு செய்து, தேர்வாணையத்தின் வழியாகக் கால்நடை உதவி மருத்துவர் ஆகலாம். மாட்டுக்குக் காய்ச்சல் கண்ட இரவில் அவரைக் கூப்பிட வரும் ஆதிக்கச் சாதி விவசாயி, முன்வாசல் வழியாகத்தான் தொழுவத்துக்கு அழைத்துச் செல்வாரா என்பது அதன் பிறகான கேள்வி. அக்கேள்வியை எழுப்பவாவது ஒருவர் அங்கே போய் நிற்க வேண்டும். ஒட்டன்சத்திரம் வட்டாரத்துக் கல்லூரி மாணவர்கள் அடுத்த பத்தாம் வகுப்பு முடிவுகள் வரும் வாரத்தில், தத்தம் ஊர்ப் பள்ளியின் சேர்க்கை மேசைக்கு அருகே ஒரு நாற்காலி போட்டு அமர்ந்தால் போதும். வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் பாடப்பிரிவு எழுதும் இடத்தில் பிள்ளை என்ன எழுதுகிறது, ஏன் எழுதுகிறது என்று மட்டும் கேளுங்கள்.