இரண்டாவது மருந்து யாருக்கு?

“அடுத்த மருந்து ஒன்று இருக்காம், பிரைவேட்டில் போட்டுப் பார்க்கலாமா?” முற்றிய கல்லீரல் புற்றுநோய் வந்த வீட்டில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. முதல் மருந்து பலன் தராமல் போனதும் இ.பி.எஃப். சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது, வீட்டை அடகு வைக்கலாமா என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. தோட்டத்தை விட்டு வெளியேறி கமுந்திங்கிலோ சிம்பாங்கிலோ மலிவு வீடு வாங்கிய குடும்பத்துக்கு அந்த வீடுதான் மூன்று தலைமுறைப் பால்மரத்து உழைப்பின் மிச்சம். அதைப் பணயம் வைப்பதற்கு முன் அவர்களுக்கு உண்மைக் கணக்கு தெரிய வேண்டும். அதுவும் தமிழில் தெரிய வேண்டும்.

கணக்கு இதுதான். முதல் மருந்தான சோராஃபெனிப் மாத்திரைக்கு நோய் கட்டுப்படாதவர்களிடம் ரெகோராஃபெனிப் சோதிக்கப்பட்டு, 2017இல் முடிவு வெளிவந்தது. மருந்து எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 10.6 மாதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 7.8. இடைநிலை என்றால், பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள், பாதிப் பேர் அதற்குள் போய்விட்டார்கள் என்று பொருள். 2018இல் காபோசாண்டினிப்புக்கு 10.2, வெற்று மாத்திரைக்கு 8. ரத்தத்தில் ஏ.எஃப்.பி. என்ற புரதத்தின் அளவு 400ஐத் தாண்டியவர்களுக்கு மட்டும் பயன்படும் ராமுசிருமாப் ஊசிக்கு 8.5, வெற்று ஊசிக்கு 7.3. அமெரிக்காவில் 2017இல் விரைவு அனுமதி பெற்ற நிவோலுமாப், பெரிய ஆய்வில் தேறாததால், தனி மருந்தாகக் கொடுக்கும் அந்த அனுமதியை 2021இல் இழந்தது.

ஆக, ஒன்று முதல் மூன்று மாதம். அது அற்பமா? தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் இடையே அவ்வளவு காலம்தான் இருக்கிறது. அந்த மூன்று மாதம் ஒரு குடும்பத்துக்கு என்னவாக இருக்கும் என்பதை வெளியிலிருந்து யாரும் எடைபோட முடியாது. நான் போட மாட்டேன்.

ஆனால் அந்த மாதங்கள் எல்லோருக்கும் கிடைப்பதில்லை. இந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஈரலின் மற்ற பகுதி இன்னும் நன்றாக வேலை செய்தவர்கள். கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, நினைவு தடுமாறத் தொடங்கியவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. ரெகோராஃபெனிப் ஆய்வில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: சோராஃபெனிப்பைத் தாங்கியவர்களுக்கு மட்டுமே இடம். இரண்டும் வேதியியலில் நெருங்கிய உறவு. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, கொப்புளித்து, தோல் உரியும் தொல்லை இரண்டிலும் உண்டு. நடக்கவே முடியாமல் போனவர்களுக்கு அந்த மாதங்கள் எப்படிப் போயிருக்கும் என்றும் மருத்துவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 2020க்குப் பிறகு நோயெதிர்ப்பு மருந்துக் கூட்டு, அதாவது அட்டெசோலிசுமாப்பும் பெவாசிசுமாப்பும், முதல் மருந்தாகிவிட்டது. ரெகோராஃபெனிப், காபோசாண்டினிப், ராமுசிருமாப் ஆய்வுகளோ சோராஃபெனிப் எடுத்தவர்களிடம் நடந்தவை. அந்தக் கூட்டுக்குப் பின் எதைக் கொடுப்பது என்பதை இன்று மருத்துவர்கள் பெரும்பாலும் அனுபவத்தை வைத்தே முடிவெடுக்கிறார்கள்.

இரண்டாவது மருந்து யாருக்கு என்பதை ஈரலின் நிலை தீர்மானிக்க வேண்டும். மலேசியாவில் அதைப் பல நேரங்களில் கையில் உள்ள பணம் தீர்மானிக்கிறது. ஈரல் தாங்குகிற ஏழைக்கு மருந்து இல்லை. ஈரல் கைவிட்டவர், வீட்டை விற்ற காசில் அதை வாங்குகிறார். இரண்டுமே அநியாயம்.

விலை இறங்காது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் பேயர் நிறுவனத்தின் நெக்சாவரை, அதாவது இதே சோராஃபெனிப்பை, தயாரிக்க ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்குக் கட்டாய உரிமம் கொடுத்தது. மாதம் சுமார் 2,80,000 ரூபாயாக இருந்த மருந்து 8,800 ரூபாய்க்கு வந்தது. 2014இல் இந்திய உச்ச நீதிமன்றமும் பேயரின் மனுவைத் தள்ளிவிட்டது. நம் மலேசியா அதைவிடப் பின்தங்கியதல்ல. 1983ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் அரசாங்கத்துக்குத் தரும் உரிமையைப் பயன்படுத்தி, 2017 செப்டம்பரில் ஹெப்படைட்டிஸ் சி மருந்தான சோஃபோஸ்புவிரை மலிவாகத் தருவிக்க வழி திறந்தது. அமெரிக்காவில் 12 வாரத்துக்கு 84,000 டாலர் விலையில் அறிமுகமான மருந்து அது. மறு ஆண்டே அரசாங்க மருத்துவமனைகளில் அந்தச் சிகிச்சை இலவசமானது.

ஹெப்படைட்டிஸ் சி மருந்து நோயைக் குணப்படுத்துகிறது, புற்றுநோய் மருந்து மாதங்களை மட்டுமே தருகிறது என்ற எதிர்வாதம் நியாயமானதே. அதனால்தான் எல்லோருக்கும் கொடுங்கள் என்று கேட்கவில்லை. தகுதியுள்ளவர்களைத் தெளிவாக வரையறுத்து, அந்த எண்ணிக்கைக்குச் சுகாதார அமைச்சு மொத்தமாக விலை பேசட்டும். மருந்து நிறுவனம் மசியாவிட்டால் 2017இல் எடுத்த அதே சட்டத்தை மீண்டும் எடுக்கட்டும்.

நம் பக்கத்திலும் ஒரு கடமை இருக்கிறது. கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் ஈரல் சுருக்கத்திலிருந்தே வருகிறது. மலேசியாவில் அந்தச் சுருக்கத்துக்கு மலாய்க்காரர், சீனரிடையே ஹெப்படைட்டிஸ் பி முதல் காரணம் என்றால், இந்தியரிடையே மதுவே முதல் காரணம். சம்சு சாராயம் தோட்டத்தில் செய்த சேதம் டாமான் வீடுகளுக்குக் குடிவந்த பிறகும் தொடர்கிறது. நீரிழிவிலும் நம் சமூகமே முன்னால் நிற்கிறது. அதோடு வரும் கொழுப்பு ஈரலும் அதே இடத்துக்குத்தான் கொண்டு போகிறது. ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி 1989இல்தான் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் இன்னும் ரத்தப் பரிசோதனை செய்ததே இல்லை.

ஈரல் சுருங்கியவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் எடுத்தால் கட்டியைச் சிறிதாக இருக்கும்போதே பிடிக்கலாம். அப்போது வெட்டி எடுக்கவோ சுட்டு அழிக்கவோ முடியும். உங்கள் வீட்டில் ஈரல் சுருக்கமோ ஹெப்படைட்டிஸ் பி-யோ உள்ளவர் இருந்தால், அடுத்த அப்பாயின்மெண்ட்டில் அந்த ஸ்கேனை நீங்களே கேளுங்கள். அரசாங்க உதவித்தொகை பெறும், 40 வயதை எட்டியவர்களும் அவர்களின் துணைவர்களும் அரசாங்கத்தின் பெக்கா பி40 திட்டத்தில் இலவசமாக உடலைப் பரிசோதித்துக்கொள்ளலாம். புற்றுநோய் என்று தெரிந்தால் சிகிச்சையை முடிக்க 1,000 வெள்ளி வரையும், தீபகற்ப மலேசியாவில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையும் அதே திட்டத்தில் உண்டு. அரசாங்க மருத்துவமனையின் நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்குத் தொடர் வருகைக்கான கட்டணம் 5 வெள்ளி.